ரேடியோ ம் கொட்டிய கதை

வீட்டில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சான்றிதழில் வேறொரு நல்ல பெயர் உண்டு. வாத்தியார்கள் வருகைப்பதிவு எடுக்கும்போது மட்டும் அது உபயோகப்பட்டது. அப்பா டவுன் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க 'உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தால் உதட்டில் நாலு குண்டூசி இருக்கும். அவளாலும் பேச முடியாது. அண்ணன் எதிலும் சிக்கனம், வார்த்தையிலும். ஆக, அந்த வீட்டின் மொத்தப் பேச்சும் ஒருத்தி தலையில் விழுந்தது. அவளும் குறை வைக்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே நுரையோடு ஆரம்பித்துவிடுவாள்.

"வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும், விடுங்க" என்பாள் அம்மா, ஊசிகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு. சொல்லி முடித்ததும் மறுபடி கவ்விக்கொள்வாள்.

கல்லூரியில் கேட்ட பாடம் கிடைக்கவில்லை. இடம் காலியாக இருந்தது ஒரு வெளிநாட்டு மொழியில் மட்டும்தான். "ஒரு பாஷைக்கே எங்க காது தாங்கல, இன்னொண்ணு வேறயா" என்று அண்ணன் அந்த வருடத்தின் மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னான். ஆனால் ரேடியோவுக்கு அந்த மொழி பிடித்துப்போயிற்று. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தாள். மூன்றாம் வருடம் அந்த மொழி பேசுகிற நாட்டிலேயே போய்ப் படிக்க வேண்டும் என்பது படிப்பின் விதி. வருடக் கடைசியில் அங்கே ஒரு பேச்சுத் தேர்வு: மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கால்மணி நேரம் பேச வைப்பார்கள். அதில் தேறினால் பட்டம், பட்டம் வந்தால் துபாஷி வேலை. தேறாவிட்டால் மூன்று வருடமும் ஆற்றில் கரைத்த புளி.

அப்பா வீட்டில்தான் பேச மாட்டாரே தவிர, பஸ்ஸில் பேசாமல் இருப்பாரா? "என் பொண்ணு துபாஷி ஆகப்போறா. ரெண்டு நாட்டுக்காரன் பேசணும்னா நடுவுல அவதான்" என்று டிக்கெட் கிழித்த கையோடு எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்த ரூட்டில் ஏறி இறங்குகிற ஆசுபத்திரி நர்சுகள், பூக்காரிகள், பள்ளிப் பிள்ளைகள், வாய்தாவுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். இவள் கோட்டை விட்டால் அத்தனை பேர் முகத்திலும் அவர் தினமும் விழிக்க வேண்டும். விமானம் ஏறும்போது ரேடியோவுக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். அதுவும் பெரிய பயமில்லை. பேச்சுக்கா பரீட்சை, அதுவும் தனக்கா என்று இருந்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சறுக்கியது சோப்பு வாங்கப் போன இடத்தில். அது போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள். தெருமுனைக் கடை, சின்னது. வாக்கியத்தை மனத்துக்குள் கட்டி, வேற்றுமை உருபு சரியா, வினைமுற்று சரியா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். நம் பாஷையில் சொன்னால் அவள் சொன்னது இப்படி இருந்தது: "வணிகரே, சவர்க்காரக் கட்டி ஒன்றினைத் தாங்கள் எனக்கு நல்க இயலுமா?"

கடைக்காரர் அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "இங்க கொஞ்சம் வாயேன். இந்தப் பொண்ணு பேசறதக் கேளு. இன்னொரு தடவ சொல்லும்மா."

அவர் மனைவியும் வந்தாள். இருவரும் கேலி செய்யவில்லை, ரசித்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. பாடப்புத்தகம் எழுதின புண்ணியவான் எந்த ராஜசபையில் உட்கார்ந்து எழுதினாரோ தெரியாது, அந்த ஊரில் ஈ காக்காய்கூட அப்படிப் பேசவில்லை. எல்லோரும் பாதியை விழுங்கி, மீதியை ஒன்றோடொன்று ஒட்டி, வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்த அன்றே ரேடியோவின் வாய் மூடிக்கொண்டது. அடுத்த தடவை வேறு கடைக்குப் போய் விரலால் காட்டி சோப்பு வாங்கினாள்.

தங்கியிருந்த அறை ஒரு பழைய கட்டடத்தின் உச்சியில் இருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்து வரும். கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். இடித்தபோது "அம்மா" என்று கத்தினாளே, அதுதான் சில நாட்களில் அவள் உரக்கப் பேசிய ஒரே வார்த்தை. சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டால் மட்டும் மடை திறக்கும். சாப்பிட்டது, நடந்தது, குழாயில் வெந்நீர் வராதது, பக்கத்து அறைக்காரி தும்முவது என்று கொட்டித் தீர்ப்பாள். அந்தப் பக்கம் அம்மா குண்டூசிகளோடு 'ம்... ம்...' என்று ம் கொட்டிக்கொண்டிருப்பாள். ம் நின்றால் இவளும் நிறுத்திவிட்டு, "கேக்கறியா இல்லையா?" என்பாள். உடனே ம் வந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வாய்த்த பேராசிரியர் குளிருக்குப் பயந்தவர். வகுப்புக்குள்ளும் கழுத்தில் சுற்றிய துணியை அவிழ்க்க மாட்டார். அவள் கட்டுரைகளைப் பார்த்து மகிழ்ந்தவர், நேரில் கேள்வி கேட்டால் அவள் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்த்து மிரண்டுபோனார். "வகுப்புல உக்காந்தா பாஷை வராது. எங்கயாவது வேலைக்குப் போ. ஜனங்களோட புழங்கு. மாணவர்கள் பகுதி நேரம் வேலை பாக்க அனுமதி இருக்கு" என்றார்.

அறைக்குப் போகிற வழியில் ஒரு முடிதிருத்தும் கடை. பெண்களுக்கானது. 'ஆள் தேவை' என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. உள்ளே முதலாளியம்மா கத்தரிக்கோலும் கையுமாக நின்றாள். வாட்டசாட்டமான உடம்பு, தன் தலையை மட்டும் பையன் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். ஊருக்கெல்லாம் அலங்காரம் செய்கிறவளுக்குத் தன் தலைக்கு நேரமில்லை போலும்.

"வேலைக்கா? தலை அலசி விடணும். தெரியுமா?"

"ம்" என்றாள் ரேடியோ.

"சனிக்கிழமையும் வரணும்."

"ம்."

"கீழ விழற முடியெல்லாம் கூட்டணும், துண்டு துவைக்கணும், கஸ்டமர்கிட்ட சிரிச்ச முகமா இருக்கணும்."

"ம்."

"இதுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. வாய மூடவே மாட்டா. தலைக்கு வந்தவங்கெல்லாம் தலைவலியோட போனாங்க. நீ அப்படியில்ல. நாளைக்கே வந்துடு."

இப்படியாக, பேசக் கற்றுக்கொள்ளப் போனவளுக்கு வாய் பேசாதவள் என்ற தகுதியில் வேலை கிடைத்தது. நம் மொழியின் ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு அயல்நாட்டில் உத்தியோகம் வாங்கியவள் அவளாகத்தான் இருப்பாள்.

இந்த ம்-ஐப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்மில் ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் ம் கொட்ட வேண்டும், அது மரியாதை. நீ சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல் என்பதைத் தவிர அதற்கு அர்த்தமில்லை. கொலை செய்யப் போகிறேன் என்று ஒருவன் சொன்னாலும் முதலில் ம் கொட்டிவிட்டுத்தான் 'என்னது' என்போம். அந்த ஊரில் அப்படியில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் கல் மாதிரி இருப்பார். இடையில் ம் என்றால் 'ஆமாம், எனக்குச் சம்மதம், நீ செய்வதுதான் சரி' என்று பொருள். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ரேடியோவுக்கும் தெரியாது.

தலை அலசுகிற நாற்காலி கடையின் பின்பக்கம் இருந்தது. வருகிறவர்கள் மல்லாந்து சாய்ந்து, பீங்கான் தொட்டியின் வளைவில் கழுத்தை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார்கள். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணில் வழியாமல் நெற்றியில் கையை அணை மாதிரி வைக்க வேண்டும். நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். ரேடியோவுக்கு இதெல்லாம் சீக்கிரம் கைவந்தது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள். அந்த இடத்தில் கை வைத்ததும் எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷிக்கும் வாய் திறந்துகொள்ளும்.

என்னென்னவோ சொன்னார்கள். மருமகள் கதவைச் சாத்துகிற சத்தம், மேலதிகாரியின் வாய்நாற்றம், பக்கத்து வீட்டுக்காரியின் பூந்தொட்டி தன் பக்கம் நகர்ந்து வருவது, பையன் போன் பண்ணாதது. ரேடியோ ம் கொட்டினாள். முதலில் பத்துக்கு நாலு வார்த்தை புரிந்தது. பிறகு ஏழு, எட்டு. விழுங்கிய பாதி எது, ஒட்டிய பாதி எது என்று காது பிரித்துக்கொள்ள ஆரம்பித்தது. திட்டுகிற வார்த்தைகள் மட்டும் பத்துக்குப் பத்தும் புரிந்தன.

சொன்னவர்களுக்கோ சொர்க்கமாக இருந்தது. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளாததை இந்தப் பெண் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒப்புக்கொள்கிறாளே. முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்கூட அலசிக்கொள்ள வந்தார்கள். "இவ கைராசிக்காரி" என்று முதலாளியம்மா துண்டுகளை இரண்டு மடங்காக வாங்கிப்போட்டாள்.

எல்லாம் நன்றாக இருந்தது, பரீட்சை ஒன்றைத் தவிர. பாதி வருடம் போன பிறகு பேராசிரியர் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். உன் அறையைப் பற்றிச் சொல் என்றார். அவள் மனத்தில் 'கூரை தலையில இடிக்குது சார்' என்று அந்த ஊர்ப் பேச்சு கச்சிதமாக வந்தது. அது கொச்சையாயிற்றே, பேராசிரியரிடம் எப்படிச் சொல்வது? புத்தகப் பேச்சை எடுத்தாளோ, சோப்புக் கடைக்காரர் கண்முன் வந்து நின்றார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "ஐயன்மீர், யான் வசிக்கும் அறையானது" என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டாள்.

பேராசிரியர் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "நான் பேசறது எல்லாம் உனக்குப் புரியுது, இல்லையா?"

"ம்."

"அப்ப ஏன்மா பேச மாட்டேங்கற? அங்க நான் மட்டும் இல்ல, இன்னும் ரெண்டு பேர் உக்காருவாங்க. அதுல ஒரு அம்மா ரொம்பக் கறார். கடியாரத்தைப் பார்த்து மார்க் போடறவங்க. நீ இப்படி நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஃபெயில்தான்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. அப்பா பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசுவது மாதிரி ஒரு காட்சி மனத்தில் வந்து வந்து போயிற்று. சரிந்த கூரையைப் பார்த்து அந்த ஊர் மொழியில் பேசிப் பார்த்தாள். கூரையிடம் சரளமாக வந்தது. மனுஷ முகம் ஒன்று எதிரே இருந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

கடைக்கு வாரம் தவறாமல் வருகிறவர்களில் ஒருத்தி ரயில் ஓட்டுகிறவள். ஊருக்குள்ளேயே ஓடுகிற ரயில். ஐம்பதைத் தாண்டிய பெண், கட்டைக் குரல், அடர்த்தியான நரைமுடி. நாள் முழுக்க ரயிலின் முன்னறையில் தனியாக இருப்பதால் தொட்டியில் தலை வைத்த நிமிஷமே ஆரம்பித்துவிடுவாள். ஒரு நாள் அவள் சொன்னாள்:

"என் பழச மறுபடியும் வீட்டுக்குக் கொண்டு வந்துடலாமான்னு பாக்கறேன்."

"ம்."

"தூக்கி வெளிய போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. மச்சினன் வீட்டு மாடியில சும்மா கிடக்குது. பாவமா இருக்கு."

"ம்."

"ஒரு கால் கொஞ்சம் ஆட்டம். ராத்திரியில கரமுரன்னு சத்தம் வேற. ஆனா பழகினது பாரு. சாஞ்சுக்கிட்டா ஒரு சுகம் இருக்கு. நடுவுல புதுசு ரெண்டு பார்த்தேன். பளபளன்னுதான் இருந்துது, மனசு ஒட்டல."

ரேடியோவுக்கு அந்தச் சோபா கண்முன்னே தெரிந்தது. பச்சை நிறம், ஒரு கால் கழன்றது, உள்ளே ஸ்பிரிங் கிரீச்சிடுவது. அவள் வீட்டில் எதையும் தூக்கிப் போட்டு வழக்கமில்லை. அம்மா உட்கார்ந்து தைக்கிற நாற்காலிக்கு மூன்று கால்தான் சொந்தம், நாலாவது கால் அண்ணன் அடித்துக் கொடுத்த கட்டை. ஆகவே இந்தத் தடவை மரியாதைக்காக அல்ல, மனப்பூர்வமாக ம் கொட்டினாள்.

"என் பொண்ணு வேணாங்கறா. எடத்த அடைச்சுக்கும், மறுபடியும் அவஸ்தைப்படுவேன்னு சொல்றா. நான் கொண்டு வரதுதான் சரியா?"

"ம், ம்" என்று இரண்டாகக் கொட்டினாள் ரேடியோ. பூம்பூம் மாடு மாதிரி தலையும் ஆடிற்று.

ரயில்காரம்மா கண்ணைத் திறந்து, தலைகீழாகத் தெரிந்த அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, பேச்சுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், அவள் கடைக்குள் புயல் மாதிரி வந்தாள். புதுச் சட்டை. நேரே ரேடியோவிடம் போய் ஈரக் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்ன மாதிரியே முடிவு பண்ணிட்டேன். வர சனிக்கிழமை பதிவு. நீதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். வருவதானே?"

"ம்" என்றாள் ரேடியோ, பழக்க தோஷத்தில். சோபாவுக்கு எதற்குப் பதிவு, அதற்கு எதற்குச் சாட்சி என்று அப்புறம்தான் தோன்றியது. ரயில்காரம்மா போனதும் முதலாளியம்மா பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன, உனக்குத் தெரியாத மாதிரி பாக்கற? அவளோட பழைய புருஷனையே மறுபடியும் கட்டிக்கப் போறா. கடையில இருக்கற எங்ககிட்டல்லாம் யோசனை கேட்டா. ஆளாளுக்கு வேணாம்னோம். நீ ஒருத்திதான் சரின்னு சொன்னியாமே. அதுவும் ரெண்டு தடவ. அதுக்கப்புறம் யார் சொல்லியும் அவ கேக்கல."

ரேடியோ துண்டுக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஊரிலும் நம்மைப் போலத்தான்: கோபமோ செல்லமோ அளவுக்கு மிஞ்சினால் மனுஷனை 'அது, இது' என்பார்கள். கட்டின புருஷன் அஃறிணையாகிவிடுவான். மச்சினன் வீட்டு மாடியில் கிடந்தது ஆள். கால் ஆட்டம் என்றது முழங்கால் வலி. கரமுர என்றது குறட்டை. தன்னுடைய ம் இங்கே என்ன பொருள் தருகிறது என்பதும், இத்தனை மாதமாக இந்தத் தொட்டியில் எத்தனை விவகாரங்களுக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறோம் என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரோ ஒருத்தி வாழ்க்கையில் ஒரு முரட்டு மனுஷனைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோமோ என்று பயந்தாள். எதனால் முன்பு விட்டாளோ, அடிப்பவனோ, குடிப்பவனோ, யார் கண்டது?

சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அப்பாவும் பஸ்ஸும் பரீட்சையும் அந்த நேரத்தில் அவள் மண்டையில் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை. வகுப்பு முடிந்ததும் ரயில் நிலையத்துக்குப் போய் நடைமேடையின் கோடிக்கு நடந்தாள். ரயில்காரம்மாவின் வண்டி எந்தத் தடத்தில் ஓடும் என்பது தெரியும். அதைப் பற்றி எவ்வளவு ம் கொட்டியிருப்பாள். இரண்டு வண்டிகள் வேறு ஆட்களோடு வந்து போயின. மூன்றாவதின் முன்னறை ஜன்னலில் நரைமுடி தெரிந்தது.

"இங்க என்ன பண்ற?" என்று ரயில்காரம்மா ஜன்னலைத் திறந்தாள்.

"அம்மையீர்" என்று ஆரம்பித்தாள் ரேடியோ. "அன்றொரு நாள் தாங்கள் மொழிந்த செய்தி குறித்து யான்..."

"என்ன? சட்டுன்னு சொல்லு, சிக்னல் விழப்போகுது."

அவ்வளவுதான், அணை உடைந்தது.

"அய்யோ, நான் சோபான்னு நெனச்சேன்மா. நீங்க பழசுன்னீங்க, கால் ஆடுதுன்னீங்க, சாஞ்சா சுகம்னீங்க, நான் சோபாதான்னு நெனச்சு ம் கொட்டிட்டேன். எங்க ஊர்ல ம்-னா சரின்னு அர்த்தம் இல்ல, கேக்கறேன்னுதான் அர்த்தம். எங்கம்மா வாயில ஊசி வெச்சுக்கிட்டு நாளெல்லாம் ம் கொட்டுவாங்க. நான் யாருக்கும் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அந்தாளு எப்படிப்பட்டவருன்னே எனக்குத் தெரியாது. அடிப்பாரா, குடிப்பாரா, எதுக்குத் துரத்தினீங்க, ஒண்ணும் தெரியாது. தெரியாம தலையாட்டிட்டேன். என் பேச்ச நம்பிக் கட்டிக்காதீங்க. சோபான்னா மறுபடி தூக்கிப் போட்டுடலாம், புருஷனை எத்தனை தடவைம்மா தூக்கிப் போடுவீங்க?"

மூச்சு விடாமல் சொன்னாள். முதல் பெட்டியின் வாசலில் நின்றிருந்தவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில்காரம்மா அவளைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பொத்தியும் பயனில்லாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, "யாரு புருஷனைச் சோபாங்கறது?" என்று கேட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் விளக்கம் வாங்கினாள்.

"அவர் அடிக்கவும் மாட்டார், குடிக்கவும் மாட்டார்" என்றாள் ரயில்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேலைய விட்டுட்டு வேலைய விட்டுட்டு வந்து உக்காந்துடுவார். அதுதான் சண்டை. இப்ப ரெண்டு பேருக்கும் வயசாச்சு, உக்காந்தா உக்காரட்டும். நீ சொன்னேன்னா கட்டிக்கறேன்? நான் பாதி சொல்றதுக்குள்ளயே மத்தவங்கல்லாம் வேணாம் வேணாம்னு குறுக்க விழுந்தாங்க. உன்கிட்டதான் முழுசா சொன்னேன். சொல்லி முடிச்சப்ப எனக்கே தெரிஞ்சுபோச்சு, எனக்கு அவர் வேணும்னு. நீ சோபான்னு நெனச்சா என்ன, பீரோன்னு நெனச்சா என்ன. சனிக்கிழமை ஒழுங்கா வந்து சேரு."

சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்தபோது முதல் பெட்டியில் நின்ற ஒரு பெண் ரேடியோவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நிம்மதியாக நிலையத்தின் படி ஏறி வந்தவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள். இப்போது நாம் என்ன பாஷையில் பேசினோம்? எவ்வளவு நேரம் பேசினோம்? அத்தனை பேர் சிரித்தார்களே, அதில் ஒருவராவது அவள் பேசிய விதத்துக்குச் சிரிக்கவில்லை. அவள் சொன்ன சமாச்சாரத்துக்குச் சிரித்தார்கள். அந்த வித்தியாசம் புரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களுக்கு இடைஞ்சலாக அங்கேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை பேச்சுத் தேர்வு. நீளமான அறை, நீளமான மேஜை. மேஜைக்குப் பின்னால் நடுவில் கறார் அம்மா, எதிரே ஒரு சின்னக் கடியாரம். ஒரு பக்கம் யாரோ ஒரு வயதான ஆசிரியர். மறுபக்கம் பேராசிரியர், கழுத்துத் துணியை முகவாய்வரை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தது அவர் முகம்.

"இந்த ஊருக்கு வந்து நீ என்ன கத்துக்கிட்ட? சொல்லு" என்றாள் கறார் அம்மா, கடியாரத்தைத் தொட்டபடி.

ரேடியோ வாயைத் திறந்தாள். 'அம்மையீர்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஒரு நிமிஷம் எல்லாமே போயிற்று என்றுதான் இருந்தது. அப்பா நினைவுக்கு வந்தார். அப்புறம் கறார் அம்மாவின் தலையைப் பார்த்தாள். நன்றாகப் பராமரித்த தலை. காதோரம் மட்டும் சாயம் கொஞ்சம் வெளுத்திருந்தது. இதுவும் தொட்டியில் சாய்கிற தலைதானே என்று தோன்றியது.

"தலை அலசக் கத்துக்கிட்டேன்" என்றாள். "அதுல ஒரு வம்புல மாட்டிக்கிட்டேன். சொல்றேன், கேளுங்க."

சோப்பில் ஆரம்பித்தாள். ம்-க்கு வந்தாள். தொட்டியில் கேட்ட சமாச்சாரங்களை, பெயர் சொல்லாமல், அவரவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். மருமகள் கதவைச் சாத்தினாள், பூந்தொட்டி நகர்ந்தது. பாடப்புத்தகம் கனவிலும் காணாத வார்த்தைகள் சரமாரியாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்றுக்கு வயதான ஆசிரியர் காதைத் தடவிக்கொண்டார். பேராசிரியர் ஜன்னலிலிருந்து திரும்பினார். அவர் கழுத்துத் துணி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. சோபா வீட்டுக்கு வந்தது, சோபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது, ரேடியோ நடைமேடையில் மூச்சுவிடாமல் கத்தினாள், ரயில்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்" என்றாள் கறார் அம்மா. "நேரம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு."

"இருங்கம்மா, முக்கியமான எடத்துல நிறுத்தச் சொல்றீங்களே."

"போதும்னா போதும். வெளியே ஆளுங்க காத்துட்டிருக்காங்க."

பல்கலைக்கழகத்தில் அவளிடம் பேசு, பேசு என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள். போதும் என்று அந்த மொழியில் ஒருவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தாள். கறார் அம்மா தலையைத் தூக்காமல் தாளில் எதையோ எழுதி, பக்கத்தில் இருந்த இருவரிடமும் காட்டி, கையெழுத்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பேராசிரியர் கழுத்துத் துணியை முழுசாகவே கழற்றி மடியில் போட்டிருந்தார். ரேடியோ கதவுவரை போய்விட்டாள். கைப்பிடியைத் திருகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இந்தாம்மா, பொண்ணு."

திரும்பினாள்.

"மார்க்கெல்லாம் போட்டாச்சு, பாஸ்தான். இது பரீட்சைக்காகக் கேக்கல" என்றாள் கறார் அம்மா. அவள் கடியாரத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "அந்த ரயில்காரி அப்புறம் என்ன சொன்னா?"

ரேடியோ திரும்பி வந்து உட்கார்ந்தாள்.